240 பொற்காசு வைரம்

"எவ்ளோக்கு வாங்கின?"

இந்த ஒரு கேள்வியில கடுகு செத்துப்போனா. சனிக்கிழமை ராத்திரி நடந்தது. இன்னைக்குத் திங்கக்கிழமை, இன்னும் எனக்கு ஆறல. டைஸ் உருட்டி, ஆளுக்கொரு கேரக்டரா ஒரு கதைக்குள்ள ஆடுற விளையாட்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அதை ஆடுற யாரா இருந்தாலும் சரி, உங்க டேபிள்லயும் இப்படி ஒருத்தன் இருப்பான். ஸ்பெல்லுக்கு, அதாவது மந்திரத்துக்கு, வேண்டிய பொருளைப் பத்தி எட்டு மாசம் வாயே திறக்க மாட்டான். உயிர் போற நேரத்துல கணக்குப் புத்தகத்தைத் தூக்கிட்டு வந்து நிப்பான்.

கடுகு என் சித்தி பொண்ணோட முதல் கேரக்டர். ஹாஃப்லிங் ரோக், அதாவது குள்ள இனத் திருடி, மூணடி உயரம். "சிறுசா இருந்தாலும் காரம் இருக்கணும்ணா"ன்னு அவளே வெச்ச பேரு. சனிக்கிழமை ஒரு குகையில ஓகர்ங்கிற ரெண்டு ராட்சசங்க கிட்ட மாட்டினோம். கடுகு ஜீரோ ஹிட் பாயின்ட்ல, அதாவது உயிர்க்கணக்கு தீர்ந்து, விழுந்துட்டா. உயிர் தங்குமான்னு உருட்டுற டெத் சேவ்ல மூணு தோத்தா சாவு. முதல் டெத் சேவே தோல்வி. அடுத்து ஓகர் அவ மேல தடியை இறக்குச்சு. மயங்கிக் கிடக்கிறவளைப் பக்கத்துல நின்னு அடிச்சா, பட்டாலே அது கிரிட்டிக்கல், ரெண்டு டெத் சேவ் ஒரே அடியில போயிடும். மூணும் போச்சு.

நான் பதறவே இல்ல. நான் க்ளெரிக், சாமி வரத்தால மந்திரம் போடற பூசாரி, லெவல் ஆறு. செத்தவங்களை எழுப்புற ரிவிவிஃபை ஸ்பெல் தயாரா வெச்சிருந்தேன். செத்து ஒரு நிமிஷத்துக்குள்ள தொட்டா போதும். ஒரு நிமிஷம்னா பத்து ரவுண்டு. மூணாவது ரவுண்டுலயே அவ பக்கத்துல போய் நின்னுட்டேன். அதுக்கு வேண்டிய வைரமும் மூணு மாசமா என் கேரக்டர் ஷீட்டுல இருக்கு. எல்லாரும் மூச்சு விட்டாங்க. சித்தி பொண்ணு கண்ணைத் துடைச்சிட்டு சிரிக்க ஆரம்பிச்சா.

அப்பதான் டிஎம், அதாவது கதையையும் விதியையும் நடத்துற டன்ஜன் மாஸ்டர், ஆரம்பிச்சான். எனக்குப் பத்து வருஷ சிநேகிதன், அதனாலதான் இந்தக் கோவம்.

"ஒரு கையில கதாயுதம், இன்னொரு கையில கேடயம். வைரத்தை எந்தக் கையால எடுப்ப?"

கதாயுதத்தைக் கீழ போட்டேன்.

"வைரம் எங்க இருக்கு? முதுகுப் பையிலயா, இடுப்புலயா?"

இடுப்புப் பையில. ஷீட்டுல அப்படித்தான் எழுதியிருக்கு. காட்டினேன். வாங்கிப் பார்த்தான். பக்கத்தைத் திருப்பி இன்னொரு தடவை பார்த்தான். நேரத்தைக் கடத்துறான்னு நினைச்சேன். இல்ல, தேடியிருக்கான். தேடினது கிடைச்சதும்தான் அந்தக் கேள்வி வந்துச்சு.

"எவ்ளோக்கு வாங்கின?"

மூணு மாசத்துக்கு முன்னாடி ஒரு துறைமுக ஊர்ல அந்த வைரத்தை வாங்கினோம். வியாபாரி சொன்ன விலை 300. கடுகுதான் முன்னாடி போய்ப் பேரம் பேசினா. டைஸ்ல 19 விழுந்துச்சு. 240க்கு முடிச்சா. வியாபாரியா நடிச்சது இதே டிஎம்தான். நெத்தியில அடிச்சுக்கிட்டு, "உனக்காகத்தான் தாயி"ன்னு சொல்லிக் குடுத்தான். டேபிளே கை தட்டுச்சு. மிச்சமான 60 காசுல எல்லாருக்கும் சத்திரத்துல விருந்து வெச்சா அந்தப் பொண்ணு.

இப்போ அவன் சொல்றான்: "நீங்க குடுத்தது 240. அப்ப அதோட மதிப்பு 240. ஸ்பெல்லுக்கு 300 வேணும். நடக்காது."

அவ சாமர்த்தியமாப் பேரம் பேசினதாலயே அவளைக் காப்பாத்த முடியாதாம். இதைவிட அநியாயமான தீர்ப்பை நான் எந்த டேபிள்லயும் கேட்டதில்ல.

விலை வேற, மதிப்பு வேற. இது நம்ம ஊர்ல நகைக்கடைப் படி ஏறின ஒவ்வொரு அம்மாவுக்கும் தெரியும். செய்கூலியில பாதி தள்ளுபடின்னு போர்டு போட்டா பவுனோட எடை குறைஞ்சிடுமா? சேதாரத்தை அடிச்சுப் பேசிக் குறைச்சு வாங்கின வளையலை அடகு வைக்கப் போனா, "நீங்க பேரம் பேசி வாங்கினீங்களாமே, அதுக்கேத்த மாதிரி குறைச்சுத்தான் குடுப்போம்"னு எவனாவது சொல்வானா? உரசிப் பார்ப்பான், எடை போடுவான். நீ என்ன குடுத்தன்னு கேக்கவே மாட்டான்.

இதையேதான் அவன்கிட்டயும் சொன்னேன். கேக்கல. சரி, திருப்பிப் போட்டுப் பார்ப்போம்னு சொன்னேன். குடுத்த விலைதான் மதிப்புன்னா, கடுகளவு வைரத் துணுக்கை நம்ம மந்திரவாதி விசார்டுக்கு நான் 25,000 பொற்காசுக்கு விக்கிறேன். அந்தக் காசை அப்படியே அவன் கிட்டத் திருப்பிக் குடுத்துடறேன். இப்ப அந்தத் துணுக்கு 25,000 பெறுமா? எப்பவோ செத்தவங்களையும் எழுப்புற ட்ரூ ரெசரெக்ஷனுக்கு அவ்ளோதான் கேக்குது. ஊர்ல இருக்கிற கல்லறையை எல்லாம் காலி பண்ணிடலாமே! பதில் இல்ல. "நாலாவது ரவுண்டு"ன்னான்.

ஆமா, நாங்க பேசிட்டு இருக்கும்போதே ரவுண்டை ஓட்டிட்டு இருந்தான்.

அடுத்து நடந்ததை நினைச்சாத்தான் எனக்குக் கை நடுங்குது. எங்க டேபிள்ல ஆடுறது 2014 விதிப் புத்தகம். ரிவிவிஃபைக்கு அதுல இருக்கிறது 300 பொற்காசு மதிப்புள்ள வைரங்கள். வைரங்கள்! பன்மை! விசார்டு ஆடுற பையன் அதைக் கண்டுபிடிச்சான். அவனோட க்ரோமாட்டிக் ஆர்ப் ஸ்பெல்லுக்கு 50 பொற்காசு வைரம் ஒண்ணு வேணும், அது செலவாகாது, கையில இருந்தாப் போதும். முதல் லெவல்ல இருந்து பத்திரமா வெச்சிருந்த அதை எடுத்து, "இதையும் சேர்த்துக்கோ"ன்னு குடுத்தான். இனிமே அந்த ஸ்பெல்லை அவனால போட முடியாது, தெரிஞ்சேதான் குடுத்தான். ஒரு நல்ல டேபிள்னா இந்த இடத்துல எல்லாரும் எழுந்து நின்னிருக்கணும்.

டிஎம் கூட்டிப் பார்த்தான். "290. பத்து குறையுது."

பத்து!

ஃபைட்டர் ஆடுறவர் தன் பையில இருந்து பத்து பொற்காசை எடுத்து வைக்கிறேன்னாரு. "காசு வைரம் இல்லையே"ன்னான். ஏழாவது ரவுண்டு. எட்டாவது ரவுண்டு. சித்தி பொண்ணு ஒண்ணுமே பேசல. ஷீட்டை மடிச்சுப் பைக்குள்ள வெச்சுட்டா.

பொருள் விதியே வேண்டாம்னு நான் சொல்ல வரல, அதை முதல்ல புரிஞ்சுக்கோங்க. எனக்கு அந்த விதிகள் உயிர். நான் இந்த விளையாட்டுக்குள்ள விழுந்ததே அந்தப் பட்டியலைப் படிச்சுத்தான். ஃபயர்பாலுக்கு வௌவால் எச்சமும் கந்தகமும். வௌவால் எச்சத்துல இருந்து வெடியுப்பு எடுக்கலாம், அதோட கந்தகம் சேர்ந்தா பாதி வெடிமருந்து அங்கயே வந்துடுச்சு. லைட்னிங் போல்ட்டுக்கு ரோமக் கத்தையும் ஒரு கண்ணாடிக் கோலும். பள்ளிக்கூடத்துல சீப்பைத் தலையில தேச்சு காகிதத் துண்டை இழுத்தோமே, அதே சங்கதி. மனசைப் படிக்கிற டிடெக்ட் தாட்ஸுக்கு ஒரு செப்புக் காசு, ஏன்னா 'உன் மனசுல ஓடறதுக்கு ஒரு காசு தரேன்'னு இங்கிலீஷ்ல ஒரு பேச்சு வழக்கு இருக்கு. 1978ல, இந்த விளையாட்டை உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான கேரி கைகாக்ஸ் எழுதின ப்ளேயர்ஸ் ஹேண்ட்புக்ல இருந்து வர்ற குறும்பு இது. அதுல மாயப் பொருள் என்னன்னு கண்டுபிடிக்கிற ஐடென்டிஃபை போடணும்னா உயிரோட இருக்கிற குட்டிக் கெண்டை மீனை முழுசா விழுங்கணும், முத்தையும் ஆந்தை இறகையும் ஒயின்ல ஊற வெச்சுக் குடிக்கணும். படிக்கும்போதே ஒரு உலகம் கண்ணு முன்னாடி வந்து நிக்குது.

அப்புறம் வந்தவங்க இதைச் சுலபமாக்கினாங்க. 25 பொற்காசுக்கு ஒரு காம்போனென்ட் பை, இல்லைன்னா மந்திரக்கோல் மாதிரி ஒரு ஃபோகஸ் கையில இருந்தாப் போதும். விலை போடாத பொருள் எல்லாம் அதுல அடங்கிடும். விலை போட்டிருந்தா மட்டும் அந்தப் பொருளையே தனியா வாங்கி வைக்கணும். தெளிவான விதி. சாவை மாத்தறது சும்மா நடக்கக் கூடாது, அதுக்கு ஒரு விலை இருக்கணும், அதனாலதான் வைரம். முழு மனசோட ஒத்துக்கறேன். ஒவ்வொரு வௌவால் எச்ச உருண்டையையும் எண்ணுற டேபிள்லயும் ஆடியிருக்கேன். அங்க முதல் நாளே சொல்லிடுவாங்க. நானும் நோட்டுப் போட்டு எண்ணுவேன். ஃபயர்பாலுக்கு உருண்டை தீர்ந்து போய் நாங்க ஒரு ராத்திரி குகை குகையா வௌவாலைத் தேடி அலைஞ்சது இன்னமும் என் மனசுல இருக்கிற நல்ல செஷன்கள்ல ஒண்ணு.

முன்னாடியே சொல்லு. நான் கேக்கறது அவ்ளோதான். பேரம் பேசினா மதிப்பு குறையும்னு உன் உலகத்துல ஒரு விதி இருந்தா, கடையிலயே சொல்லு. நெத்தியில அடிச்சுக்கிட்டு வியாபாரியா நடிச்சியே, அந்த நிமிஷமே சொல்லியிருந்தா 60 காசைக் கூடக் குடுத்துட்டு வந்திருப்போமே. அன்னைக்குக் கை தட்டி வரவேத்ததை இன்னைக்குக் குத்தமா மாத்தினா அது விதி இல்ல, கண்ணி.

இது முதல் தடவையும் இல்ல. ரெண்டு மாசம் முன்னாடி, கேடயத்துல என் தெய்வச் சின்னம் இருக்கு, இன்னொரு கையில ஆயுதம். பொருள் கேக்குற ஸ்பெல்லை அந்தச் சின்னத்தாலயே போட்டுடலாம், சைகையும் அதே கையால முடிஞ்சிடும். காயம் ஆத்துற க்யூர் வூண்ட்ஸுக்குப் பொருளே வேண்டாம், வெறும் வாயும் கையும் போதும். ஆனா வெறும் சைகைன்னா கை காலியா இருக்கணும்னு அவன் நிறுத்திட்டான். கஷ்டமானதைச் செய்யலாம், சுலபமானதைச் செய்யக் கூடாது. புத்தகத்துல அப்படித்தான் இருக்கு, நான் வாயை மூடிக்கிட்டேன். வார் காஸ்டர்ங்கிற ஃபீட், அதாவது கூடுதல் திறமை, எடுத்தாத்தான் அந்தத் தொல்லை தீரும்னு அடுத்து அதை எடுக்கக் காத்திருக்கேன். புத்தகத்துல இருந்தா நான் தலை குனிஞ்சு போறவன்டா. இல்லாததைப் போட்டு ஒரு சின்னப் பொண்ணை அழ வெச்சா எப்படிப் பொறுத்துக்கிறது?

கடைசியில, "பெரிய கோயிலுக்குத் தூக்கிட்டுப் போங்க, ரெய்ஸ் டெட் இருக்கே"ன்னான். அதுக்கு 500 பொற்காசு வைரம். எங்க நாலு பேர் பையையும் கொட்டினா 70 தேறாது.

வர்ற வழியில பைக்ல பின்னாடி உக்காந்து அவ கேட்டா: "அண்ணா, நான் அன்னைக்குப் பேசாம 300 குடுத்திருந்தா பொழைச்சிருப்பேனா?" சிக்னல்ல நின்னுட்டு இருந்தேன். என்ன சொல்றதுன்னு தெரியல. உன் மேல தப்பே இல்லம்மான்னேன்.

இப்போ அரை மணி முன்னாடி புது கேரக்டர் ஷீட்டைப் படம் எடுத்து அனுப்பியிருக்கா. டுவார்ஃப் க்ளெரிக். பொருள் பட்டியல்ல முதல் வரி: 'வைரம் 1. கேட்ட விலை 300, குடுத்த விலை 300, ரசீது இருக்கு.' அதைப் பார்த்ததும் அடக்க முடியாம சிரிச்சேன். ரெண்டு நாள் கழிச்சு இப்பதான் முதல் தடவை.

சிரிச்சு முடிச்சு உக்காரும்போதுதான் இன்னொண்ணு உறைக்குது. விழுந்து கிடந்தவளை ஓகர் அடிச்சப்போ அவன் ரெண்டு டைஸ் உருட்டினான். ஒண்ணுல 4. அது கடுகைத் தொட்டே இருக்காது. இன்னொண்ணு 17. அந்த 17 மிக்சர் தட்டு விளிம்புல சாய்ஞ்சு நின்னுச்சு. எங்க டேபிள்ல சாய்ஞ்சு நின்ன டைஸ் செல்லாது, திரும்ப உருட்டணும். அந்த விதியைப் போட்டதே அவன்தான்.

இப்பவே அவனுக்கு போன் பண்றேன்.