கலமவேணி டீச்சர்

எழுத்தர்: எங்கள் ஓய்வூதியப் பதிவேட்டில் கலமவேணி. உங்கள் ஆதாரில் கமலவேணி. இரண்டு பேரும் ஒருவரே என்று ஒரு சான்றிதழ் வாங்கி வாருங்கள் டீச்சர்.

டீச்சர்: எழுத்தை மாற்றி அடித்தது உங்கள் ஆபீஸ், தம்பி.

எழுத்தர்: யார் அடித்தது என்று கேட்கப் படிவம் கிடையாது. ஒரிஜினல் ஒன்று, ஜெராக்ஸ் மூன்று. பச்சை மையில் கையெழுத்து முக்கியம்.

டீச்சர்: காலமெல்லாம் டிஎன்ஏ பாடம் நடத்தியவளிடம் ஜெராக்ஸா? உங்கள் செல் ஒன்று இரண்டாகப் பிரிவதற்கு முன்னால் 600 கோடி எழுத்தைப் படி எடுக்கிறது. ஏறக்குறைய எட்டு மணி நேரத்தில்.

எழுத்தர்: எங்களுக்கும் எட்டு மணி நேரம்தான்.

டீச்சர்: உங்களுக்கு அஞ்சு எழுத்து.

எழுத்தர்: 600 கோடியும் தமிழிலா?

டீச்சர்: ஏ, டி, ஜி, சி என்று நாலே எழுத்துதான் திரும்பத் திரும்ப வரும். ஏ-க்கு எதிரே டி, ஜி-க்கு எதிரே சி. முறுக்கிக் கிடக்கும் இரண்டு இழையையும் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே புது இழை கட்டுவார்கள்.

எழுத்தர்: சரி. அதில் ஒரிஜினல் எது?

டீச்சர்: இரண்டுமே பாதிப் பழசு, பாதிப் புதுசு. 1958-ல் மெசல்சன், ஸ்டால் என்ற இரண்டு விஞ்ஞானிகள் கனமான நைட்ரஜனில் பாக்டீரியாவை வளர்த்து, அப்புறம் சாதாரண நைட்ரஜனுக்கு மாற்றிப் பார்த்தார்கள். அடுத்த தலைமுறையின் டிஎன்ஏ நடுத்தர அடர்த்தியில் வந்து நின்றது.

எழுத்தர்: பாதி ஒரிஜினல் செல்லாது டீச்சர். போன வருஷம் நேர்காணலுக்கு வந்தது நீங்கள்தானே?

டீச்சர்: நான்தான். குடலின் உட்சுவர் மட்டும் சில நாளுக்கு ஒரு முறை புதுசாகிவிடும்.

எழுத்தர்: போன வருஷக் குடல் இப்போது கைவசம் இல்லை. (எழுதிக்கொள்கிறார்.)

டீச்சர்: அதை ஏன் எழுதுகிறீர்கள்?

எழுத்தர்: தணிக்கையில் கேட்பார்கள். மேலே சொல்லுங்கள்.

டீச்சர்: இரண்டு இழையும் எதிரெதிர்த் திசையில் ஓடும். படி எடுக்கிற பாலிமரேஸ் ஒரே திசையில்தான் கட்டும். அதனால் ஒரு பக்கம் விடாமல் வளரும், மறுபக்கம் துண்டு துண்டாக. அதைக் கண்டுபிடித்தது ஜப்பானில் ஒகசாகி தம்பதி. துண்டுகளை லைகேஸ் என்று ஒரு நொதி வந்து ஒட்டிவிடும்.

எழுத்தர்: எங்களுக்கும் துண்டு துண்டாகத்தான் வருகிறது. ஒட்டுகிறவர் பணியிடம் காலி.

டீச்சர்: தெரிகிறது.

எழுத்தர்: 600 கோடியில் தப்பே வராதா?

டீச்சர்: வரும். தப்பு விழுந்ததும் பாலிமரேஸே ஓர் அடி பின்வாங்கி, அதை வெட்டிவிட்டுச் சரியானதை வைக்கும். யாரையும் நோட்டரியிடம் துரத்தாது. அதற்கும் தப்பியதைப் பின்னால் வருகிற சரிபார்ப்பு பிடிக்கும். கடைசியில் 100 கோடி எழுத்துக்கு ஒன்று தேறினால் அதிகம்.

எழுத்தர்: ஒரு பக்கம் கமல, எதிர்ப்பக்கம் கலம. எது தப்பு என்று அதற்கு எப்படித் தெரியும்?

டீச்சர்: இப்போதுதான் உருப்படியாக ஒரு கேள்வி! ஈ.கோலை பாக்டீரியாவில் பழைய இழைமேல் மெத்தில் என்று அடையாளம் ஒட்டியிருக்கும். புது இழைக்கு அது வரக் கொஞ்ச நேரம் ஆகும். அதற்குள் அடையாளம் இல்லாத பக்கத்தை வெட்டித் திருத்திவிடும்.

எழுத்தர்: (நிமிர்ந்து உட்கார்ந்து) சீல்!

டீச்சர்: சீல்தான். ஆனால் சீல் உள்ள ஒரிஜினலைக் கூப்பிட்டு, நீதான் நீ என்று எழுதி வாங்கி வா என்று அந்தப் பாக்டீரியா சொல்வதில்லை. தான் எடுத்த காப்பியைத் திருத்துகிறது.

எழுத்தர்: அதற்கு மேலதிகாரி கிடையாது டீச்சர். சரி, போட்டோ இரண்டு வையுங்கள்.

டீச்சர்: போட்டோ என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. 1952-ல் ரோசலிண்ட் பிராங்க்ளின் என்ற விஞ்ஞானியின் ஆய்வில் எடுத்த டிஎன்ஏ எக்ஸ்-ரே படத்தை, அவருக்கே தெரியாமல் வாட்சன் என்ற இன்னொரு விஞ்ஞானியிடம் காட்டினார்கள். 1953-ல் வாட்சன், அவர் கூட்டாளி கிரிக் பெயரில் டிஎன்ஏ-வின் வடிவ மாதிரி வந்தது. 1962-ல் அதற்கு நோபல், மூன்று ஆண்களுக்கு.

எழுத்தர்: அந்த அம்மா மனு போடவில்லையா?

டீச்சர்: 1958-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். 37 வயது.

எழுத்தர்: அப்போது வாழ்வுச் சான்று தந்திருக்க மாட்டார். விதிப்படி சரிதான்.

டீச்சர்: (சிறிது நேரம் அவரையே பார்த்துவிட்டு) படிவத்தைக் கொடுங்கள்.

எழுத்தர்: எது? உயிரோடு இருப்பதற்கா, ஒரே ஆள் என்பதற்கா?

டீச்சர்: ஒரே ஆள் என்பதற்கு ஒன்று. உயிரோடு இருப்பதற்கு நாலைந்து கொடுங்கள் தம்பி. முதலாவது முடிவதற்குள் அது வருஷா வருஷம் தேவைப்படும்.