உலைக்கூடத்தின் சாயலில் ஓர் ஆலயம்

பிரான்சின் ஃபிர்மினி நகரிலுள்ள புனித பேதுரு ஆலயத்தின் படத்தை முதன்முறையாகப் பார்ப்பவர், அதை ஏதோ அனல்மின் நிலையத்தின் பகுதி என்று நினைத்தால் வியப்பதற்கில்லை. சதுர அடித்தளத்திலிருந்து எழுந்து, மேலே போகப் போக வளைந்து சுருங்கி, உச்சியில் சாய்வாகச் சீவப்பட்ட கூம்பாக முடிகிறது அந்தக் காங்கிரீட் கட்டடம். தேவாலயம் என்றதும் நாம் எதிர்பார்க்கும் கூர்நுனிக் கோபுரம் அதில் இல்லை. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. நான் இதையே அதன் முதல் சிறப்பாகக் கருதுகிறேன்.

ஃபிர்மினி நிலக்கரியாலும் எஃகாலும் வளர்ந்த ஊர். கரி படிந்து கிடந்த அந்த நகருக்கு 1953இல் மேயரான க்ளோடியஸ்-பெத்தி, அதற்கு முன் நாட்டின் மறுசீரமைப்பு அமைச்சராக இருந்தவர். தொழிலாளர்களுக்குக் காற்றும் வெளிச்சமும் உள்ள புதிய குடியிருப்புப் பகுதியை உருவாக்க முனைந்த அவர், தம் நண்பரான கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியேயை அழைத்துவந்தார். பழைய கல்குவாரிப் பள்ளத்தில் விளையாட்டரங்கு, அதன் விளிம்பில் பண்பாட்டு இல்லம், அவற்றுக்கு அருகே இந்த ஆலயம் என்று திட்டம் விரிந்தது. நாள் முழுவதும் உலையையும் புகைபோக்கியையும் பார்த்து வாழ்ந்த மக்களுக்கு இடைக்காலப் பேராலயத்தின் நகல் ஒன்றைக் கட்டிக்கொடுத்திருந்தால், உங்கள் வாழ்க்கை வேறு, வழிபாடு வேறு என்று சொன்னதாகத்தான் ஆகியிருக்கும்.

ஆனால் ஆலைபோல் தோன்றினால் மட்டும் போதாது. உள்ளே நுழைந்ததும் அது ஆலையாக இல்லாமல் போக வேண்டும். இங்கே அந்த வேலையை ஒளி செய்கிறது. பீடத்துக்குப் பின்னுள்ள கிழக்குச் சுவரில் சிறு துளைகள் இட்டு ஓரியன் விண்மீன் மண்டலத்தை வரைந்திருக்கிறார்கள். நம் திருவாதிரை மீன் இருக்கும் அதே மண்டலம்தான். காலை வெயில் அத்துளைகளின் வழியே இருண்ட கூம்புக்குள் இறங்குகிறது. கூரையில் வெயிலை உள்ளே இறக்கும் இரண்டு ஒளிக்குழல்கள் வேறு. நான் நேரில் பார்த்ததில்லை. வரைபடங்களையும் ஒளிப்படங்களையும் வைத்தே பேசுகிறேன். அவற்றிலேயே, சன்னல் என்று சொல்லத்தக்க ஒன்று கண்ணில் படாத அந்த அறையின் கனம் தெரிகிறது.

லெ கொர்பூசியே வடிவமைத்த சண்டிகர் சட்டமன்றத்தின் கூரையைத் துளைத்து நிற்கும் வளைகோபுரத்துக்கு, அகமதாபாத் மின் நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரங்களே தூண்டுதல் என்பார்கள். அவற்றை வியந்து பார்த்த கண்தான் ஃபிர்மினியையும் வரைந்தது என்பது என் ஊகம்.

என் வருத்தம் வடிவத்தைப் பற்றியதன்று, காலத்தைப் பற்றியது. 1960களின் தொடக்கத்தில் வரையப்பட்ட கட்டடம் இது. 1965இல் லெ கொர்பூசியே இறந்தார். 1970களில் தொடங்கிய வேலை 1978இல் பணமின்றி நின்றது. கால் நூற்றாண்டுக்கு மேல் அரைகுறைக் காங்கிரீட்டாகக் கிடந்ததை, அவருடைய உதவியாளராக இருந்த ஹோசே ஊப்ரெரி 2006இல் முடித்துவைத்தார். அரசையும் சமயத்தையும் பிரித்த பிரான்சின் 1905ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுப் பணத்தில் வழிபாட்டிடம் கட்ட முடியாது என்பதால், கீழ்த்தளங்களைக் கண்காட்சிக் கூடமாக்கி, பண்பாட்டுக் கட்டடம் என்ற பெயரில்தான் பணியை முடிக்க முடிந்தது. சட்டத்தைக் குறை சொல்லமாட்டேன், தேவையான சட்டம் அது. எனினும், சுரங்கத் தொழிலாளருக்காக வரையப்பட்ட ஆலயம் எழுந்து நின்றபோது சுரங்கங்கள் மூடப்பட்டிருந்தன; அருங்காட்சியகத்துக்கு மேலே பீடம் அமைந்துவிட்டது.

வேறொருவர் முடித்ததால் இது லெ கொர்பூசியேயின் கட்டடமே அன்று என்ற வாதமும் இருக்கிறது. வரைந்தவரோடு உடனிருந்து பணியாற்றியவரே முடித்த கட்டடத்துக்கு அப்படியொரு தூய்மைப் பரிசோதனை எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. 2016இல் லெ கொர்பூசியேயின் 17 படைப்புகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது ஃபிர்மினியிலிருந்து பண்பாட்டு இல்லம் இடம்பெற்றது, கூப்பிடு தூரத்தில் நிற்கும் இந்த ஆலயம் இடம்பெறவில்லை.