ஈட்டி மரத்துக்கு ஒட்டுப்பலகை விலையா?

பழைய கிட்டார் ஒன்றை விற்கப் பார்த்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. வணக்கம் கிடையாது, என்ன மரம், எப்படி ஒலிக்கும் என்ற கேள்வி கிடையாது. எடுத்த எடுப்பில் "கடைசி விலை என்ன?"

இன்று வந்தவர் எல்லோரையும் மிஞ்சிவிட்டார். காலையில் வருவதாகச் சொன்னவர், மகனையும் மைத்துனரையும் கூட்டிக்கொண்டு தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் வந்து சேரும்போது விளக்கு வைத்தாகிவிட்டது. போகட்டும். கிட்டாரைக் கையில் கொடுத்தேன். மீட்டவில்லை. கவிழ்த்தார். முதுகுப் பலகையில் விரலை மடக்கித் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். மறுபடியும் தட்டினார். பலாப்பழமா வாங்க வந்தார்? அடுத்து அவர் செய்ததை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது: வண்டிச் சாவியை எடுத்து ஓரத்தில் கீறினார்! "நிஜ மரம்தானா என்று பார்க்கிறேன் சார்" என்று சொல்லிக்கொண்டே, கீறிய இடத்தை எச்சில் தொட்டுத் துடைத்தார். அதற்குள் மகன் முறுக்காணியைத் திருகித் திருகி மெல்லிய கம்பியை அறுத்துவிட்டான். அவனை ஒரு வார்த்தை கண்டிக்கவில்லை. மைத்துனர் கைப்பேசியை நீட்டி, "இந்த விலைக்குப் புதிதே கிடைக்கிறதே, பையும் தருகிறார்களே" என்றார்.

அது ஒட்டுப்பலகை ஐயா! இதன் முதுகும் பக்கங்களும் முழு ஈட்டி, முகப்பு ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம். தடித்த கம்பியை ஒருமுறை தட்டியிருந்தால் அந்த ஆழம் நெஞ்சில் இறங்கியிருக்கும். ஈட்டியின் இனம் முழுவதையும் 2017இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். கிட்டார் செய்பவர்கள் முறையிட்டு, செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைக்க 2019 ஆகிவிட்டது. உலகமே கணக்குப் பார்த்துக் காக்கும் மரம் அது. பலாமரத்தைக் குடைந்து வீணை செய்யும் ஊரிலிருந்து வந்தவர், "பழசுதானே, பாதி விலைக்குக் கொடுங்கள்" என்கிறார்! அறுந்த கம்பிக்குக் காசும் தரவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. கீறல் என் தலையில்.

இவர்களை மட்டும் சொல்லி என்ன? எதிரே கல்யாண மண்டபத்தில் இப்போது நாகசுவரம் கேட்கிறது. ஆள் இல்லை, ஒலிபெருக்கிப் பெட்டி! ஆச்சா மரத்தைக் கடைந்து நாகசுவரம் செய்யும் நரசிங்கம்பேட்டை இங்கிருந்து ஒரு பஸ் தூரம். பந்தலுக்கும் பந்திக்கும் கொட்டிக் கொடுக்கிறவர்களுக்கு, ஊதுகிற கலைஞருக்குக் கொடுக்க மட்டும் கை வரவில்லையா?