நியூயார்க் மாநாட்டுப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பது யார்?

“நியூயார்க் மாநிலத்தின் அரசியலமைப்பைத் திருத்தவோ புதிதாக எழுதவோ மாநாடு கூடினால் அதன் உறுப்பினர்களை ஆளுநரும் சட்டமன்றமும் நியமிப்பார்கள், மக்களுக்கு ஓட்டே கிடையாது” என்று ஒரு செய்தி சுற்றுகிறது. அது தவறு.

மாநாடு வேண்டுமா என்று 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை வாக்காளர்களிடமே கேட்கிறார்கள். 2017-இல் பெருவாரியானோர் வேண்டாம் என்றார்கள். அடுத்த முறை 2037. வேண்டும் என்றால், அடுத்த பொதுத் தேர்தலில் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பார்கள்: மாநில மேலவையான செனட்டின் ஒவ்வொரு தொகுதிக்கும் 3 பேர், மாநிலம் முழுக்கப் பொதுவாக 15 பேர். ஆக, ஒரு வாக்காளர் பங்கேற்கும் தேர்வு மட்டும் 18 இடங்களுக்கு! கட்சி ஆதரவில்லாத ஆசிரியரோ செவிலியரோ மாநிலம் முழுக்கப் பெயர் தெரியவைப்பது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள்.

அரசியல்வாதிகளே மாநாட்டைக் கைப்பற்றிவிடுவார்களோ என்று வதந்திக்குப் பின்னால் உள்ள ஆதங்கம் நியாயமானதுதான். பதவியிலிருக்கும் சட்டமன்ற உறுப்பினரும் நீதிபதியும் போட்டியிடலாம். பிரதிநிதிக்கான ஊதியம் சட்டமன்றக் கீழவை உறுப்பினருக்கு உள்ள அதே தொகை. ஜெயித்தால் பதவிக்கான ஊதியம், பிரதிநிதி ஊதியம் இரண்டையும் வாங்கலாம். 1967 மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரே கீழவையின் சபாநாயகர் ஆந்தனி டிராவியாதான். அந்த மாநாடு எழுதிய புதிய அரசியலமைப்பை மக்கள் நிராகரித்துவிட்டார்கள்.

சரி, இதை மாற்ற முடியாதா? முடியும். இந்த விதிகள் அரசியலமைப்பிலேயே இருப்பதால், அடுத்தடுத்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட இரண்டு சட்டமன்றங்கள் திருத்தத்தை நிறைவேற்றி, மக்களும் வாக்களித்து ஏற்க வேண்டும். 2037-க்கு முன் நடக்க வேண்டுமானால் இப்போதே கேட்கத் தொடங்க வேண்டும்.