எல்லாம் வீட்டம்மாவால்தானாம்

நேற்று நம்ம குழுவில் அந்த ஆள்பிடிக்கும் அண்ணன் போட்டதைப் பார்த்திருப்பீர்கள். ராமநாதபுரம் பக்கத்து ஆலைக்கு மேனேஜர் வேலை. ஆஃபர் வாங்கிய மூன்று பேரும் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டார்களாம். 'பொண்டாட்டி பேச்சைக் கேட்கிறவன் மேனேஜராக லாயக்கில்லை' என்று முடித்திருந்தார். கீழே வரிசையாகச் சிரிப்பு எமோஜி. அதில் பாதிப் பேர் இங்கே சிங்கப்பூரில், தேக்காவில் என்னைப் பார்த்தால் நலம் விசாரிக்கிறவர்கள்.

சரி, அந்தப் பொண்டாட்டிகளில் ஒருத்தி பேசுகிறேன்.

2016இல் என் கணவருக்கு அதே ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதிப் பக்கம் ஓர் ஆலையில் மேனேஜர் வேலை. மூன்று சுற்று இன்டர்வியூ. நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. அவருக்கு 30,000 கூடியது. மதுரையில் பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்தி நான் வாங்கிய 28,000 நின்றது. மிச்சம் 2,000. இதற்குத்தான் கேக் வெட்டினார்கள்.

ஏசி வீடு, கார், டிரைவர் எல்லாம் கொடுத்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. குழாயில் வருவது உப்புத் தண்ணீர். அதில் பருப்பு வேகாது. விசில் எண்ணி எண்ணி எனக்குத்தான் வெந்தது. ஒரு ராத்திரி மகனுக்கு 104 காய்ச்சல். மதுரைக்கு இரண்டு மணி நேரம், வழியெல்லாம் சீமைக்கருவேலம். அந்த ராத்திரிக்கும் சம்பளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அதுதான் சம்பந்தம். மேனேஜர் தனியாக வருவதில்லை அண்ணே, குடும்பத்தோடு வருகிறார்.

'சொந்த மண்ணைக் கேவலமாகப் பேசாதே' என்று ஒரு கமென்ட் வரும். மண்ணை நான் ஒன்றும் சொல்லவில்லை. 2018இல் மத்திய அரசின் திட்ட அமைப்பான நிதி ஆயோக் போட்ட பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து விருதுநகரும் ராமநாதபுரமும்தான் இருந்தன. அங்கே நல்ல மேனேஜர் போக வேண்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். ஊர்ப் பிள்ளைகளையே பழக்கி மேலே கொண்டுவரலாமே என்பவர்களுக்கு: தாராளமாக. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஸோஹோ மென்பொருள் கம்பெனி 2011இலிருந்து அதைத்தானே செய்கிறது? ஆனால் அதற்கு வருஷக்கணக்கில் பொறுமை வேண்டும். அண்ணனுக்கு அடுத்த மாதமே ஆள் வேண்டும்.

'சிங்கப்பூருக்கு மட்டும் வேலையை விட்டுவிட்டு வந்தாயே?' வந்தேன். கணவரின் வேலையை வைத்து மனைவிக்குத் தரும் டிபெண்டன்ட் பாஸில்தான் வந்தேன். 2021 மே மாதத்திலிருந்து அதை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே வேலையும் பார்க்க முடியாது, தனியாக வேலை பாஸ் வேண்டும். இங்கேயும் என்னை யாரும் தாம்பாளம் வைத்து அழைக்கவில்லை. ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் லிஃப்டில் இறங்கினால் பிளாக்குக்குக் கீழேயே கிளினிக்.

இன்னொன்று. இங்கே சிங்கப்பூரின் பொங்கோலில் உட்கார்ந்துகொண்டு 'நம்ம ஊர் முன்னேறணும்' என்று எமோஜி போட்டவர்களில் எத்தனை பேர் வீட்டைக் காலி செய்துவிட்டுக் கமுதிக்குப் போகிறீர்கள்? உங்கள் வீட்டம்மாவிடம் கேட்டீர்களா? ஓ, அவர் பேச்சைக் கேட்கக்கூடாது இல்லையா.

அண்ணே, போன மாதம் நீங்கள் என் கணவருக்கும் போன் செய்தீர்கள். 'வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்' என்றதும் வைத்துவிட்டீர்கள். நான் பக்கத்தில்தான் இருந்தேன், பருப்புக்கு விசில் எண்ணிக்கொண்டு.