212ஆம் பக்கத்தில் மூடினால் என்ன குற்றம்?

ஒரு வாசகத் தோழியின் பதிவில் நேற்று ராத்திரி வரை ஓடிய பஞ்சாயத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஸ்க்ரீன்ஷாட் போடப் போவதில்லை. அந்தத் தோழி எழுதியது நாலே வரி. 800 பக்க நாவல் ஒன்றை 212ஆம் பக்கத்தில் மூடிவிட்டேன், ஒட்டவில்லை, இனித் தொடரப் போவதில்லை. அவ்வளவுதான். நாவல் மோசம் என்று அவர் சொல்லவில்லை. எழுதியவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதற்குக் கூட்டமாக வந்து "ரீல்ஸ் தலைமுறை", "பொறுமை இல்லாதவர்களுக்கு இலக்கியம் எதற்கு" என்று ஆளாளுக்கு வகுப்பெடுத்தார்கள். கடைசியில் அவர் பதிவையே எடுத்துவிட்டார். திருப்தியா?

பிடிக்காத புத்தகத்தை முடித்தே தீர வேண்டிய கட்டாயம் யாருக்கும் கிடையாது. இதை இந்தப் பதிவுக்குள் இன்னும் இரண்டு மூன்று தடவை சொல்வேன். சலித்தால் நீங்களும் பாதியில் விட்டுவிட்டுப் போகலாம், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பக்கத்துக்கு 2 நிமிடம், நாளைக்கு அரை மணி நேரம் என்றால் 15 பக்கம். 300 பக்கப் புத்தகத்துக்கு 20 நாள். ஒரு நாள்கூட விடாமல் படித்தால் வருஷத்துக்கு 18 புத்தகம், 40 வருஷத்துக்கு சுமார் 730. காய்ச்சல், பயணம், வேலை, பிள்ளைகளின் தேர்வு எல்லாம் போக 500 தேறினாலே பெரிசு. இதே வேகத்தில் 212 பக்கம் என்பது அவர் ஏற்கெனவே கொடுத்துவிட்ட 14 நாள். மிச்சம் 588 பக்கத்துக்கு இன்னும் 39 நாள் கொடு என்று கேட்கிறீர்கள். எதற்கு? நீங்கள் சந்தோஷப்படுவதற்கு.

"கல்வி கரையில கற்பவர் நாள்சில, மெல்ல நினைக்கின் பிணிபல" என்று நாலடியார் சொன்னது இதே கணக்கைத்தான். மேடையில் பேசுகிறவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். அந்தப் பாட்டு முடிகிற இடம்: "நீரொழியப் பாலுண் குருகின் தெரிந்து". நீரை விட்டுப் பாலை மட்டும் குடிக்கிற பறவையைப் போலத் தேர்ந்து படி என்கிறது. அந்தப் பறவைக்கும் பொறுமை போதாது போலிருக்கிறது.

அதற்காகப் பத்தாம் பக்கத்திலேயே தூக்கிப் போடச் சொல்லவில்லை. நான்சி பேர்ல் என்கிற அமெரிக்க நூலகர் சொன்ன வழி ஒன்று இருக்கிறது. 50 வயது வரை உள்ளவர்கள் ஒரு புத்தகத்துக்கு 50 பக்கம் கொடுக்க வேண்டும். அதைத் தாண்டினால் 100இலிருந்து வயதைக் கழித்து வருகிற அளவு. 60 வயதுக்கு 40 பக்கம். நூறு வயதில் அட்டையைப் பார்த்தே முடிவெடுக்கலாம் என்று அவரே வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். நான் இதோடு ஒன்றைச் சேர்ப்பேன். எண்ணிக்கையை முதல் அத்தியாயத்தில் இருந்து தொடங்குங்கள். பதிப்புரை, அணிந்துரை, முன்னுரை, என்னுரை என்று நாலு உரை தாண்டி வருவதற்குள் பலருக்கு மூச்சு வாங்கிவிடுகிறது. அணிந்துரை எழுதியவர் கதையையும் பாதி சொல்லியிருப்பார். அதையெல்லாம் கடைசியில் படித்துக்கொள்ளலாம்.

மூடுவதற்கு முன்னால் கோளாறு எங்கே என்று பார்க்க வேண்டும். பல சமயம் அது புத்தகத்தில் இருக்காது. ரஷ்ய நாவல்களில் ஒரே ஆளை ஒருவர் தந்தை பெயரோடு சேர்த்து அழைப்பார், இன்னொருவர் குடும்பப் பெயரால், வீட்டுக்காரர்கள் செல்லப் பெயரால். படிக்கிறவருக்கு அது மூன்று ஆள். நாற்பதாம் பக்கத்தில் தலை சுற்றும். ஒரு துண்டுச் சீட்டில் பெயர், உறவு, முதலில் வந்த பக்கம் மூன்றையும் குறித்துக்கொண்டே போனால், பெரும்பாலும் அறுபது எழுபது பக்கத்துக்கு மேல் அந்தச் சீட்டே தேவைப்படாது. வட்டார வழக்கில் எழுதியது என்றால் முதல் ஐந்து பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குப் பிடிபடாத பேச்சு காதுக்குச் சட்டென்று பிடிபடும். மொழிபெயர்ப்பு என்றால் நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைப் பிரியுங்கள். சாதாரண உரையாடலையே மூன்று தடவை படிக்க வேண்டியிருந்தால் மூல ஆசிரியர் மேல் பழியில்லை, வேறு மொழிபெயர்ப்பு கிடைக்கிறதா என்று தேடுங்கள். பொடி எழுத்தும், விரித்தால் விரியாத பைண்டிங்கும்கூட ஒரு நல்ல நாவலைக் கொன்றுவிடும்.

கட்டுரை நூல்களுக்கு இந்தச் சண்டையே வேண்டாம். பொருளடக்கத்தைப் பார்த்து வேண்டிய அத்தியாயத்தைப் படித்தாலே அந்தப் புத்தகம் அதன் வேலையைச் செய்துவிட்டது. சிறுகதைத் தொகுப்பில் முதல் கதை, தலைப்புக் கதை, நடுவில் ஒன்று, மூன்றும் ஒட்டவில்லையென்றால் வைத்துவிடலாம்.

இனி நேற்று வந்த கேள்விகள்.

"கஷ்டமான புத்தகம்தான் ஆளை வளர்க்கும்." யார் இல்லையென்றது? கஷ்டம் வேறு, சலிப்பு வேறு. கஷ்டமான புத்தகத்தில் பக்கம் நகராது. ஆனால் மூடிய பிறகும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும், நேற்றுப் புரியாத வரி இன்று திறக்கும். சலிக்கிற புத்தகத்தில் பக்கம் மளமளவென்று போகும், உள்ளே ஒன்றும் தங்காது. சோதிக்க வேண்டுமா? தினமும் திறப்பதற்கு முன்னால் நேற்றுப் படித்ததை இரண்டு வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். மூன்று நாள் தொடர்ந்து வாயில் ஒன்றும் வரவில்லையென்றால் கண் மட்டும்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அத்தியாயம் முடிய இன்னும் எத்தனை பக்கம் என்று அடிக்கடி புரட்டிப் பார்ப்பது இன்னொரு அடையாளம். இரண்டு வாரமாகப் பக்க அடையாளம் நகரவில்லையென்றால் நீங்கள் ஏற்கெனவே விட்டுவிட்டீர்கள், ஒப்புக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். இதில் பெரிய சேதம் அடுத்த புத்தகத்துக்கு. "இதை முடிக்காமல் வேறெதையும் தொடக்கூடாது" என்று வைராக்கியமாக உட்கார்ந்தவர்கள் இதையும் முடிப்பதில்லை, அதையும் தொடுவதில்லை. கை போனுக்குப் போய்விடுகிறது. ரீல்ஸ் தலைமுறையை உருவாக்குவது யார், சொல்லுங்கள்?

"காசு கொடுத்து வாங்கியாச்சே." 1985இல் ஆர்க்ஸ், ப்ளூமர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு நாடக அரங்கில் சீசன் முழுவதுக்கும் சேர்த்து டிக்கெட் வாங்க வந்தவர்களில் சிலருக்கு மட்டும் எதிர்பாராத தள்ளுபடி கொடுத்துப் பார்த்தார்கள். யாருக்குத் தள்ளுபடி என்பது குலுக்கல் மாதிரிதான். சீசனின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்கள் அதிக நாடகங்களுக்குப் போனார்கள். நாடகம் எல்லோருக்கும் ஒன்றுதான், இழுத்தது கொடுத்த காசு. இரண்டாம் பாதியில் அந்த வித்தியாசமும் காணாமல் போனது. காசின் வலி அவ்வளவு நாள்தான். போன காசு முடித்தாலும் திரும்ப வராது.

"கடைசி நூறு பக்கத்தில்தான் அந்த நாவலே திறக்கும்." சரி, அப்படிப்பட்ட நாவல்கள் உண்டு, மறுக்கவில்லை. சந்தேகம் இருந்தால் முடிவுக்குப் பக்கத்தில் ஒரு அத்தியாயத்தைப் படித்துப் பாருங்கள், இழுத்தால் திரும்பி வாருங்கள். முடிவு தெரிந்துபோய்விடும் என்பார்கள். தெரிந்தால் தெரியட்டும்.

"எழுத்தாளருக்கு மரியாதை இல்லையா?" கொட்டாவி விட்டுக்கொண்டே 588 பக்கம் புரட்டுவது என்ன மரியாதையோ எனக்குத் தெரியவில்லை. நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் எழுதிய நூலக விதிகள் ஐந்தில் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது. அடுத்த விதி வாசகரின் நேரத்தைக் காப்பாற்றச் சொல்கிறது. புத்தகத்துக்கு அவமானம் ஒன்றுமில்லை, அதன் ஆள் வேறு எங்கோ இருக்கிறார். அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

பலர் கைபட்ட நூலகப் புத்தகம் ஒன்றை மூடிய நிலையில் பக்கவாட்டில் பார்த்திருக்கிறீர்களா? விளிம்பில் விரல் பட்ட அழுக்கு ஒரு பட்டையாகத் தெரியும். சில தடித்த புத்தகங்களில் அந்தப் பட்டை கால்வாசியோடு நின்றுவிடும், அதற்கு மேல் தாள் வெளுப்பாகவே இருக்கும். மடித்த தாள்களின் விளிம்பை வெட்டாமலேயே விற்ற காலத்தில் வாங்கியவர்தான் கத்தி வைத்துப் பிரித்துப் படிக்க வேண்டும். பிரிக்காத பக்கங்களோடு அந்தப் புத்தகங்கள் இன்றும் இருக்கின்றன. எல்லாக் காலத்திலும் எல்லோரும் பாதியில் விட்டிருக்கிறார்கள். நேற்று கமெண்ட் போட்ட பெரியவர்களைத் தவிர.

தொடர்ந்து ஐந்து புத்தகத்தை ஐம்பது பக்கத்துக்குள் வைத்துவிட்டால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். அப்போது கோளாறு தூக்கத்திலோ போனிலோ இருக்கலாம். போனை வேறு அறையில் வைத்துவிட்டு, 120 பக்கத்துக்குள் ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்து முடித்துப் பாருங்கள். எதிர்த்தரப்புக்கு இவ்வளவுதான் விட்டுக்கொடுப்பேன்.

விடும்போதும் ஒழுங்காக விடலாம். ஒரு சீட்டில் பக்க எண், தேதி, காரணம் ஒரு வரி. "பக்கம் 84, பெயர்க் குழப்பம், விடுமுறையில் பார்க்கலாம்" என்பது ஒரு வகை. "எனக்கானது இல்லை" என்பது இன்னொரு வகை. முதல் வகை அலமாரிக்கு, இரண்டாம் வகை வேறு ஆளுக்கு. எதையும் தலைமாட்டில் வைக்காதீர்கள், தினமும் முறைத்துக்கொண்டிருக்கும். அதைப் பற்றி எழுதினால் எந்தப் பக்கம் வரை படித்தீர்கள் என்று சேர்த்து எழுதுங்கள், முழு நூலுக்கும் மதிப்பெண் போடாதீர்கள்.

அந்தத் தோழி இதைத்தான் செய்தார். 212 என்று எண் போட்டு எழுதினார். வாரம் ஒரு அட்டைப்படம் போட்டு "முடித்தேன்" என்று எழுதுகிறவர்களிடம் இந்த நேர்மை இருக்கிறதா? மூன்று தடவை முழுசாகப் படித்தேன், ஓரிடத்தில் உடைந்தே போனேன் என்று கமெண்ட் போட்ட அண்ணனிடம், அந்த இடம் எது என்று ஒருவர் மரியாதையாகத்தான் கேட்டார். "படித்தால் தெரியும்" என்று பதில் வந்தது. அதற்கு அத்தனை இதயம். நியாயம் பேசிய இரண்டு மூன்று பேருக்கு "நுனிப்புல்" பட்டம். இருக்கட்டும், நுனிப்புல் மேய்கிற மாடும் வயலுக்குள்தான் நிற்கிறது.

தோழி, பதிவைத் திரும்பப் போடுங்கள். மனசில்லையென்றால் விடுங்கள், அடுத்து என்ன எடுத்திருக்கிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.