குப்பை பொறுக்க மட்டும் எங்களைக் கூப்பிடாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை ஆற்றைச் சுத்தம் செய்யும் நிகழ்ச்சியில் நடந்ததைப் பற்றி எதுவும் எழுதக் கூடாது என்று இரண்டு நாள் என்னை அடக்கிக்கொண்டு இருந்தேன். காணொளியை நீங்கள் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள், பலர் எனக்கே அனுப்பியும் வைத்தீர்கள், ஆகவே முழுக் கதையையும் திரும்பச் சொல்லவில்லை. நம் சேலம் நகருக்குள் ஓடும் திருமணிமுத்தாற்றில் இரண்டு மணி நேரம் முழங்கால் சேற்றில் நின்று குப்பை அள்ளிவிட்டுக் கரையேறிய மக்களைப் பார்த்து, "பொதுமக்களுக்கு அக்கறை இல்லை, மக்கள் பங்கேற்பு இல்லாததால்தான் இந்த ஆறு சாக்கடையாகிவிட்டது" என்று மேடையில் இருந்தவர் பேசியது ஒன்று. அதற்குப் பதில் சொல்ல எழுந்த எங்கள் தெரு அம்மாவின் கையிலிருந்து ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டு, "பாட்டி, உட்காருங்க, எதுவா இருந்தாலும் எழுதிக் கொடுங்க" என்று சொன்னது மற்றொன்று. முதலாவதைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். அந்த அம்மாவுக்கு எழுதத் தெரியாது.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். ஆற்றைக் காப்பதில் மக்கள் பங்கேற்பு என்றால், என்ன செய்யப்போகிறோம் என்று முடிவெடுக்கும்போது மக்கள் அங்கே இருக்க வேண்டும். எந்த இடத்தில் தடுப்புச் சுவர் வருகிறது, எந்த ஓடையின் கழிவுநீர் எந்தக் குழாய்க்குத் திருப்பப்படுகிறது, சுத்திகரிப்பு நிலையம் எத்தனை நாள் ஓடியது, எத்தனை நாள் நின்றது என்பதெல்லாம் கரையில் குடியிருப்பவனுக்குத் தெரிய வேண்டும். இவை எதையும் சொல்லாமல், வரைபடத்தைக் கண்ணில்கூடக் காட்டாமல், எல்லாம் முடிந்த பிறகு கையுறையும் சாக்குப்பையும் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு, அதற்குப் பங்கேற்பு என்று பெயர் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

"நீங்கள்தானே குப்பையைக் கொட்டுகிறீர்கள்" என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். கொட்டுகிறோம். மறுக்கவில்லை. எங்கள் தெருவிலிருந்தே நெகிழிப் பைகள் ஆற்றுக்குப் போகின்றன, அது எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் ஆற்றைக் கொன்றது அந்தப் பைகள் மட்டும்தானா? 2018-ஆம் ஆண்டு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுவதும் 351 ஆற்றுப் பகுதிகளை மாசடைந்தவை என்று பட்டியலிட்டது. தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றவை 6. அந்த 6-இல் மூன்று நம் சேலம் மாவட்டத்தில் ஓடுபவை: திருமணிமுத்தாறு, சரபங்கா, வசிஷ்ட நதி. மூன்றுமே மிக மோசமானவற்றுக்கான முதல் வரிசையில் இருந்தன. குளிக்கத் தகுந்த நீரில் பி.ஓ.டி. (கழிவு அழுகும்போது தின்னும் உயிர்க்காற்றின் அளவு) லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது, 30-ஐத் தாண்டினால் அந்த முதல் வரிசை. மனிதக் கழிவும், ஜவ்வரிசி ஆலைக் கழிவும், சாயக் கழிவும் அழுகி நீரிலுள்ள உயிர்க்காற்றைத் தின்னும்போது ஏறுகின்ற கணக்கு அது. சாக்குப்பையில் அள்ளி அதை இறக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அள்ளியதில் கிழிந்த சேலைகளும் தெர்மாகோலும் செருப்புகளும் இருந்தன. அள்ளி முடித்த பிறகும் தண்ணீர் அதே கறுப்பில்தான் ஓடியது, அதே நாற்றம்தான் அடித்தது.

சாயத்தைப் பற்றிப் பேசினால் நெசவாளியின் வயிற்றில் அடிக்கிறாய் என்று ஒரு நண்பர் மனம் வருந்தி எழுதியிருக்கிறார். அவருக்கு நான் சொந்தக் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

என் அப்பா சாயப்பட்டறை வைத்திருந்தவர். பெரிதாக ஒன்றுமில்லை, குகைப் பகுதியில் வீட்டுக்குப் பின்னால் நான்கு தொட்டி, இரண்டு அடுப்பு, நூல் கழிகளைக் காயப்போட மூங்கில் கொடிகள், அவ்வளவுதான். அப்பா சோறு பிசையும்போது விரலிடுக்கில் நீலம் தெரியும். சீயக்காய் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் ஏறிய நிறம் இறங்காது. பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் ஆற்றைப் பார்த்தே இன்றைக்கு எந்தப் பட்டறையில் என்ன நிறம் போட்டார்கள் என்று நாங்கள் பந்தயம் கட்டுவோம். தொட்டி நீர் வாய்க்காலுக்குப் போகும், வாய்க்கால் ஆற்றுக்குப் போகும். அதில் தப்பு இருக்கிறது என்று எங்கள் வீட்டில் எவரும் நினைத்ததில்லை.

ஒரு நாள் காலையில் ஒரு விவசாயி எங்கள் வாசலுக்கு வந்தார். உத்தமசோழபுரத்துக்கும் கீழே இருந்து வருவதாகச் சொன்னார். மஞ்சள் பையிலிருந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலை எடுத்துத் திண்ணையில் வைத்தார். பாதியளவு தண்ணீர், இளஞ்சிவப்பாக இருந்தது. "இது எங்க கிணத்துத் தண்ணிங்க. ஒவ்வொரு பட்டறையா காட்டிட்டு வர்றேன், சண்டைக்கு வரலீங்க" என்றார். அப்பா அவரை உட்காரச் சொன்னார், அம்மா மோர் கொடுத்தார். இருவரும் வெகுநேரம் பேசினார்கள். அவர் கிளம்பிய பிறகு அந்தப் பாட்டில் எங்கள் திண்ணையிலேயே நாலைந்து நாள் இருந்தது. அதை எடுத்து அப்புறப்படுத்த அப்பாவுக்கு மனம் வரவில்லை. அடுத்த மாதம் கொல்லையில் குழி வெட்டி, சுண்ணாம்பும் படிகாரமும் போட்டு, சாயம் அடியில் படிந்த பிறகே நீரை வெளியே விட ஆரம்பித்தார். சாய நீரில் கரைந்த உப்பு அந்த முறையில் நீங்காது என்பது பிற்பாடுதான் எங்களுக்குத் தெரிந்தது. இருந்தாலும் கடன் வாங்கி அந்தக் குழியை வெட்டினார். அவருக்கு எந்த அலுவலகத்திலிருந்தும் கடிதம் வரவில்லை, எவரும் சோதனைக்கு வரவில்லை. கீழ்க்கரைக்காரர் ஒருவர் மேல்கரைக்காரரின் வாசலில் வந்து உட்கார்ந்து பேசினார், அதனால் நடந்தது.

மக்கள் பங்கேற்பு என்று நான் சொல்வது அந்தத் திண்ணையைத்தான். சாயப்பட்டறைக்காரரும், ஜவ்வரிசி ஆலைக்காரரும், கிணறு கெட்ட விவசாயியும், கரையில் குடிசை போட்டிருப்பவரும், பொறியாளரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து, ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் கேட்டுப் பேச வேண்டும். சின்னப் பட்டறைக்காரனால் தனியாகச் சுத்திகரிப்பு ஆலை கட்ட முடியாது. பொது ஆலை வேண்டும் என்றால் அதற்கு யார் எவ்வளவு போடுவது, எங்கே அமைப்பது என்பதை அவனையும் வைத்துக்கொண்டு பேசுங்கள். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று பாலாற்றுத் தோல் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இலேயே சொல்லிவிட்டது. அந்த வழக்கைக் கொண்டுபோனவர்களும் வேலூர்ப் பக்கத்து மக்கள்தான்.

"குடிமராமத்துக் காலத்தில் மக்கள் தாமாகவே இறங்கி வேலை செய்யவில்லையா" என்று கேட்கிறார்கள். செய்தார்கள், ஏரியையும் வாய்க்காலையும் ஊரே கூடிச் செப்பனிட்டது. ஆனால் அந்தக் காலத்தில் மடையை எப்போது திறப்பது, யார் வயலுக்கு முதலில் தண்ணீர், வண்டல் யாருக்கு எத்தனை வண்டி என்பதையும் ஊர்தான் தீர்மானித்தது. வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சிய நீர்க்கட்டிக்கு ஊர் தானியம் அளந்தது, அவர் ஊருக்குப் பதில் சொன்னார். வெள்ளைக்காரர் வந்து 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டு, வேலைக்கு வராதவனுக்குத் தண்டனை என்றார்கள். உழைப்பை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு அதிகாரத்தை எடுத்துக்கொண்ட கதை அங்கேயே இருக்கிறது. 2017-இல் குடிமராமத்துத் திட்டம் மறுபடி வந்தபோதும் பாசனதாரர்கள் பத்து விழுக்காடு பங்களிக்க வேண்டும் என்றுதான் விதி வகுத்தார்கள். பணமாகவோ உழைப்பாகவோ பத்து விழுக்காட்டைக் கேட்கத் தெரிந்தது. பேச்சிலும் முடிவிலும் எங்களுக்கு எத்தனை விழுக்காடு?

சேலத்து மக்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்பவர்கள் தயவுசெய்து கன்னங்குறிச்சி மூக்கனேரியைப் போய்ப் பாருங்கள். 58 ஏக்கர் ஏரி. 2010-இல் சேலம் மக்கள் குழுவினர் அதைப் பொறுப்பில் எடுத்து, தூர்வாரிய மண்ணை வெளியே கொட்டாமல் ஏரிக்குள்ளேயே திட்டுகளாகக் குவித்து, அவற்றில் மரம் வைத்து வளர்த்தார்கள். சேர்வராயன் மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் அங்கே நின்றது, பறவைகளும் வந்தன. மண்ணை எங்கே போடுவது, எந்த மரத்தை வைப்பது என்று அவர்களே முடிவெடுக்க இடம் இருந்ததால்தான் அது நடந்தது. அதே சேர்வராயன் மலையிலிருந்துதான் திருமணிமுத்தாறும் இறங்கி, சுகவனேசுவரர் கோவிலை ஒட்டி ஊருக்குள் ஓடி, நாமக்கல் பக்கம் போய்க் காவிரியில் சேருகிறது. ஊர் ஒன்றுதான், மக்களும் அதே மக்கள்தான்.

"எப்போதும் குறை சொல்லிக்கொண்டே இருக்கிறாய், நல்லது நடக்கும்போது கை கொடு" என்று என் உறவினர் ஒருவரே எழுதியிருக்கிறார். அண்ணா, நான் கை கொடுத்தேன். ஞாயிறு காலை ஆறு மணிக்கே அங்கே இருந்தேன். காலில் கண்ணாடி கிழித்து இரண்டு தையல் போட்டிருக்கிறது. எனக்கு அந்தத் தையல் வலிக்கவில்லை. எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெண், அந்தக் கரையிலேயே பிறந்து, அங்கேயே துணி வெளுத்துப் பிள்ளைகளை வளர்த்து, ஆறு கறுப்பானதால் தொழிலையே விட்டவர், எல்லோருக்கும் முன்னால் உட்காரவைக்கப்பட்டாரே, அதுதான் வலிக்கிறது. அவர் உட்கார்ந்த பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதைக் காணொளி எடுத்தவர் பதிவு செய்யவில்லை. பக்கத்தில் இருந்த நான் பார்த்தேன். நானாவது எழுந்து, அவரைப் பேச விடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமல் இருந்துவிட்டேன்.

ஆடிப்பெருக்குக்கு எங்கள் தெருப் பெண்கள் இப்போதெல்லாம் மேட்டூருக்குப் பேருந்து ஏறுகிறார்கள். வீட்டுக்குப் பின்னால் ஐம்பது அடியில் ஆறு ஓடுகிறது.

திரும்பி வரும்போது அந்த அம்மாவோடு நடந்து வந்தேன். என்ன சொல்ல எழுந்தீங்க அம்மா என்று கேட்டேன். "சின்னப் பாலத்துக்குக் கீழ ஒரு குழாய் இருக்குது கண்ணு. ராத்திரி ரெண்டு மணிக்கு மேலதான் அதுல தண்ணி வரும். நுரையா வரும், எங்க ஊட்டு நாய் அந்த வாசத்துக்கே குரைக்கும். சோதனைக்குப் பாட்டில்ல தண்ணி பிடிக்க வர்றவங்க பகல் பதினோரு மணிக்கு வந்து பிடிச்சுட்டுப் போறாங்க. ராத்திரி வந்து பிடிங்க, நான் எழுப்பி உடறேன்னு சொல்லலாம்னுதான் எந்திரிச்சேன்" என்றார்.